ஆடிக்கு அழைக்க யாரும் வரவில்லை

ஜூன் 3

அண்ணனுக்குப் பெண் கிடைத்துவிட்டது. வேலாங்காட்டுவலசில் மழை பெய்திருந்தால்கூட இத்தனை பேர் வாசலில் வந்து நின்றிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை சென்னியப்பன். வயது நாற்பத்திரண்டு. தென்னந்தோப்பு, நாலு எருமை, முன்மண்டையில் வெட்டவெளி. கெட்ட பழக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பழக்கம் என்று எடுத்துச் சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் பெண் பிறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் நிறைய. இப்போது அவர்களுடைய மகன்கள் நாற்பது வயதில் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு தரகர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

தரகர் தண்டபாணி காலையில் வந்தார். பெண் ஒடிசாவாம். அப்பா அம்மா இல்லையாம், அத்தைதான் வளர்த்ததாம்.

"என்ன சாதிங்க?" என்றாள் அம்மா.

"அங்கயும் நம்ம மாதிரியே ஆளுங்க இருக்கறாங்கங்க. அதுல ஒண்ணுங்க."

பக்கத்து ஊர்ப் பெண்ணின் பாட்டன் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான் என்று விசாரித்து வேண்டாமென்ற அம்மா, இதற்குத் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "வாழாம வந்து உக்காந்திருக்கற நாத்தனா இருக்கற வூட்டுக்கு இதாவது அமைஞ்சுதே" என்றாள். அண்ணனுக்குப் பெண் கிடைக்காமல் போனதற்கு, அம்மா கணக்கில், நான் புருசன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்ததுதான் காரணம். இனி அந்தப் பேச்சு இருக்காது. அதற்காகவே அந்த ஒடிசாக்காரிக்கு என் பார்லரில் மேக்கப் இலவசம்.

ஜூன் 8

கோயிலில் வைத்துக் கல்யாணம் முடிந்தது. பெண் பெயர் மினதி. இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல முகம், நெற்றி சின்னது, புருவம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. நம் 'வாணி பியூட்டி பார்லர்' புண்ணியத்தில் சரியானது.

அலங்காரம் செய்யும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாப் பெண்களும் அழுவார்கள். நான் வைத்திருப்பது தண்ணீர் பட்டாலும் அழியாத மை, அதனால் கவலையில்லை. "ஜிஅ, ஜிஅ" என்று என்னென்னவோ சொன்னாள். கையைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் காட்டினாள். தாகம் போலிருக்கிறது, அதுவும் ஒரு குடம் குடிக்கிற தாகம் என்று டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. அதற்குள் அந்த அத்தை உள்ளே வந்து அவள் கையை அழுத்திப் பிடித்தாள். அழுகை நின்றுவிட்டது. பாசக்கார அத்தை.

சேலை கட்டிவிடும்போது வயிற்றில் கோடுகளைப் பார்த்தேன். உடம்பு இளைத்தாலும் அப்படிக் கோடு விழும்.

பந்தி போடுவதற்கு முன்பே அத்தை தண்டபாணியின் காரில் கிளம்பிவிட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம்.

அம்மா மருமகளுக்கு மீனாட்சி என்று பெயர் வைத்துவிட்டாள். மினதி வாயில் நுழையவில்லையாம்.

ஜூன் 9

அண்ணன் தோப்பில் மோட்டார் ரூமிலேயே படுத்துக்கொண்டானாம். தண்ணீர் பாய்ச்ச வேண்டுமாம். மோட்டார் போன வாரமே எரிந்துபோய் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது.

ஜூன் 14

இன்றும் மோட்டார் ரூம்தான். மினதி என் அறையில் படுத்துக்கொள்கிறாள். சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள். குறட்டை இல்லை. நான் கட்டியிருந்தவனோடு ஒப்பிட்டால் தங்கம்.

நான் எழுவதற்குள் வாசல் தெளித்து, பால் கறந்து, அடுப்பு மூட்டிவிடுகிறாள். ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒருமுறை பார்த்ததோடு சரி, என்னைவிட நன்றாக வைக்கிறாள். அம்மா சொல்லாமலே அம்மாவின் முதுகு தேய்த்துவிடுகிறாள். எனக்குக் காலையில் ஒரு காபி குடித்துவிட்டு இன்னொரு காபி குடிக்க நேரம் இருக்கிறது.

அம்மா முன்கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் பகலிலும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள். பார்லருக்கு ஆள் வந்தால் அவளே போய்த் திறந்துவிடுகிறாள். எதற்கு என்றால் திருட்டுப் பயமாம். இந்த வீட்டில் திருடுவதற்கு இருப்பது நாலு எருமை. அதையும் கேட்டுக்கு வெளியேதான் கட்டியிருக்கிறோம்.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. கபிதா வந்தாள். கயிறு மில்லில் வேலை செய்கிற ஒடிசாப் பெண். வந்து பல வருடமாகிவிட்டது. என்னைவிடச் சுத்தமாக எங்கள் ஊர்த் தமிழ் பேசுவாள். மாதம் ஒருமுறை என்னிடம் புருவம் திருத்திக்கொள்ள வருவாள்.

மினதி காபி கொண்டுவந்தாள். கபிதா சும்மா ஏதோ அவர்கள் பாஷையில் கேட்டாள். அவ்வளவுதான், காபி தரையில். மினதி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து அடைமழை மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள். எங்கிருந்தோ அம்மா, "மீனாட்சி! அடுப்புல பாலு!" என்று கத்தினாள். அடுப்பில் பால் இல்லை. ஆனாலும் மினதி எழுந்து போக வேண்டியதாயிற்று.

"ஏனுங்க்கா, அவங்ககிட்ட போன் இல்லீங்களா?" என்றாள் கபிதா.

"எதுக்கு? எல்லாரும் இங்கதான இருக்கறோம்" என்றேன்.

அவள் கண்ணாடியில் என்னையே பார்த்தாள். நான் முடிகொட்டுவதற்கு வந்திருக்கும் புது எண்ணெயைப் பற்றிப் பேசினேன். கை கொஞ்சம் தவறி அவளுடைய இடது புருவம் மெலிந்துவிட்டது.

ஜூலை 2

அண்ணன் டவுனுக்குப் போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்திருக்கிறான். பொம்பிளைச் செருப்பு, மேலே கல் வைத்தது. துவைக்கிற கல்லின் மேல் பெட்டியை வைத்துவிட்டு, துரத்தி வருகிறார்களோ என்பது போலத் தோப்புக்கு ஓடிவிட்டான். மினதி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

சாயங்காலம் பார்லர் படியில் வந்து உட்கார்ந்தான்.

"பாப்பா, அவளுக்கு இங்க புடிச்சிருக்குதா?"

"நீயே கேளுண்ணா. கட்டுனது நீ."

"என்ன பாசைல கேக்கறது?"

"கபிதாவக் கூட்டியாந்து கேக்கலாம்."

 எனக்கு ஃபேஷியல் ஆள் வந்துவிட்டது. சமையலை மினதி பார்த்துக்கொள்வதால் இப்போதெல்லாம் பார்லரில் நிறைய ஆட்களை எடுக்க முடிகிறது. கபிதாவைக் கூப்பிட நேரமே இல்லை.

ஜூலை 11

மதியம் அம்மா அசந்த நேரத்தில் மினதி கொல்லைப்புற வேலியைத் தாண்டிவிட்டாள். கல் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறாள். இந்த ஊருக்கு பஸ் வருவது மாப்பிள்ளை வருகிற மாதிரி, வந்தால்தான் உண்டு. டீக்கடைக்காரர் டி.வி.எஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டி வந்துவிட்டார்.

"உங்க மருமக வழி தெரியாம நின்னுட்டு இருந்துச்சுங்க" என்றார். தர்மம் செய்த முகம் அவருக்கு. அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள்.

அவர் போனதும் வேலிக்கு முள் வெட்டிப் போட ஆள் வரச் சொன்னாள்.

"அம்மா, அவ என்ன கன்னுக்குட்டியா?" என்றேன்.

"வாய மூடு. இவளும் போயிட்டா உங்கண்ணன் கதி என்ன? ஊரு காறித் துப்பும். ஒருத்தி வந்து உக்காந்த வூடு, ஒருத்தி ஓடிப்போன வூடுன்னு."

மினதி என்னைப் பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை. வெறுமனே பார்த்தாள். நான் துண்டுகளை மடிக்கப் போய்விட்டேன். எல்லாம் ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தன.

ஜூலை 17

ஆடி ஒன்று. ஊரில் புதுப்பெண் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் பிறந்த வீட்டு ஆட்கள் வந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு எருமைக்குத் தவிடு கொண்டுவருகிறவர் மட்டும்தான் வந்தார்.

எதிர்வீட்டு நாகமணியக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆடிக்கு அழைக்க வல்லீங்களா?" என்றாள்.

"தூரமுங்க" என்றாள் அம்மா.

"போன் போட்டாவது ஒரு வார்த்த கூப்புடுவாங்கள்ல?"

அம்மா, பார்லருக்கு ஆள் வரும் என்று கேட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். ஆடி விசேஷம், திரும்ப நேரமாகும். நான் போனை எடுத்து கபிதாவுக்கு அடித்தேன். ஃபேஷியல் இலவசம், உடனே வா என்றேன். அவள் மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க்கா. அவங்களக் கூப்புடுங்க."

மினதி பேச ஆரம்பித்தாள். கபிதா முதலில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் தோளைத் தட்டி என்ன, என்ன என்று கேட்க வேண்டியிருந்தது.

"அந்தம்மா அவங்க அத்தையே இல்லீங்க்கா. சந்தையில பழக்கமான பொம்பள. தையல் கம்பெனில வேலை, தங்க ஹாஸ்டல்னு சொல்லிக் கூட்டியாந்திருக்கறா. இங்க வந்ததும் போனையும் ஆதார் கார்டையும் வாங்கி வெச்சுட்டா. கல்யாணத்தன்னைக்குக் காலைலதான் சேலையக் குடுத்து சொல்லியிருக்கறா. கட்டிக்கல்லீன்னா உன்னைய வேற எடத்துல வித்துருவோம், அங்க தாலிகூட இருக்காதுன்னு."

நான் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா அப்பா இல்லாத பொண்ணுன்னு சொன்னாங்களே?"

"அம்மா இருக்கறாங்க. புருசன்தான் செத்துட்டாரு. ஒரு பொண்ணு இருக்குது. நாலு வயசு. குனின்னு பேரு. ரெண்டு மாசத்துல வந்தர்றேன்னு சொல்லீட்டு வந்தாங்களாமா." கபிதா என் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்டச் சொன்னாங்களாமுங்க்கா. கல்யாணத்தன்னைக்கு. ஜிஅ, ஜிஅன்னு. எங்க பாசைல மகள்னு அர்த்தமுங்க. இத்தனை ஒசரம்னு கைய வெச்சுக்கூடக் காட்டுனாங்களாமா."

நான் தண்ணீர் என்று நினைத்தேன் என்றேன். கபிதா அதை மொழிபெயர்த்தாள். மினதி என் முகத்தைப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. இந்த நோட்டில் எழுதியிருப்பதைப் புரட்டிப் பார்த்தேன். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. எத்தனை மணப்பெண்களுக்குச் சேலை கட்டியிருக்கிறேன், எத்தனை பிள்ளை பெற்றவர்களுக்கும் கட்டியிருக்கிறேன். இளைத்த வயிறு எது, பெற்ற வயிறு எது என்று எனக்குத் தெரியாதாம்.

ஜூலை 18

அண்ணனிடம் தோப்பில் வைத்துச் சொன்னேன். ஒரு தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். சொல்லி முடித்த பிறகும் தேங்காயைக் கீழே வைக்கவில்லை. அதோடே வண்டியை எடுக்கப் போனான். நான்தான் பிடுங்கி வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

தண்டபாணி வீட்டில் நல்ல உபசாரம். சோபாவில் உட்காரவைத்து முறுக்கு வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் உச்சுக்கொட்டினார்.

"அடடா! கொழந்த இருக்கறது எனக்கே தெரியாதுங்க, மாப்ள. அந்தப் பொம்பள ஏமாத்திப்போட்டா. நீங்க கவலப்படாதீங்க. மாத்திக் குடுத்தர்றேன்."

"எதைங்க?" என்றான் அண்ணன்.

"பொண்ணைத்தானுங்க. ஆவணில ரெண்டு வருது. ரெண்டுமே இதவிடச் சின்ன வயசு. மொதல்ல நீங்க வந்து பாத்துக்கலாம்."

மிக்ஸி வாங்கினால்கூட மாற்றித் தருவதற்கு முன்னால் என்ன ரிப்பேர் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசினான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அந்தப் புள்ளையோட போனும் கார்டும் வேணுமுங்க."

"அது அந்தப் பொம்பளகிட்ட இருக்குது."

"அப்ப நான் போலீசுக்குப் போறனுங்க."

தண்டபாணி சிரித்தார். "போங்க. மொதல்ல உங்களத்தான் உள்ள வெப்பாங்க. தாலி கட்டுனது நானா?"

"நீங்க இல்லீங்க" என்று எழுந்துகொண்டான்.

வரும் வழியில் வண்டியை நிறுத்திச் சாலையோரம் வாந்தியெடுத்தான். முறுக்கு பழசு என்றான். அவன் முறுக்கைத் தொடவே இல்லை.

ஜூலை 19

சாவியைக் கேட்டோம். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"போனா ரெண்டு பேரும் அப்படியே போயிருங்க. உன்னைய ஜெயில்ல போட்டுட்டாங்கன்னா நான் எங்கடா போவேன்? அவளுக்கு இங்க என்ன கொறை? சோறு இல்லையா, துணி இல்லையா?"

"அவளக் கேக்கவே இல்லீங்ளேம்மா" என்றான் அண்ணன்.

"என்னைய மட்டும் எவன் கேட்டான்?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "பள்ளிக்கோடத்துல இருந்து கூட்டியாந்து மணையில உக்கார வெச்சாங்க. நான் இருக்கலயா? உங்களப் பெத்து வளத்தலயா? நான் எந்தப் போலீசுக்குப் போனேன்?"

ஊர் முழுக்க அம்மாவை நாக்கால் அடிப்பவள் என்பார்கள். அந்த நாக்கு இத்தனை வருடத்தில் இதைச் சொல்லவே இல்லை.   அண்ணன் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தான்.

ஒரே நெம்பு. பூட்டு தெறித்து எருமைத் தொட்டியில் விழுந்தது.

"பூட்டு புதுசுடா" என்றாள் அம்மா, அழுதுகொண்டே.

மகளிர் காவல் நிலையத்தில் நாங்கள் நாலு பேர், அண்ணன், நான், மினதி, கபிதா. இன்ஸ்பெக்டர் அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரு கம்ப்ளைன்ட் குடுக்கறது?"

"நான்தானுங்க" என்றான் அண்ணன்.

"யாரு மேல?"

"தரகர் மேல, அந்தப் பொம்பள மேல." அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தான். "அப்பறம் என்ற மேலயுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் என் அண்ணனைப் பற்றிப் பெருமையாக எழுத ஒரு விஷயம். அதுவும் எழுதுகிற நேரத்தில் அவன் அங்கேயே விசாரணையில் இருக்கிறான்.

ஜூலை 29

மினதி ஊருக்குக் கிளம்பினாள். இத்தனை நாள் பெண்கள் விடுதியில் இருந்தாள். கூடவே அங்கிருந்து ஒரு அலுவலர் போகிறார்.

விடுதியில் வைத்து வீடியோ காலில் மகளைக் காட்டினார்களாம். குழந்தை கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டி முதுகுக்குப் பின்னால் போய்விட்டதாம். மினதி போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம், அழுதாளாம், அப்புறம் திட்டினாளாம். பெற்றவள்தான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை என்றார் அலுவலர்.

அண்ணன் ரயில்வே ஸ்டேஷனுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் போலீஸில் கையெழுத்துப் போட வேண்டும், வெளியூர் போகக் கூடாது. வழக்கில் அவன் சாட்சியா குற்றவாளியா என்று வக்கீலுக்கே இன்னும் தெளிவில்லை. என்னிடம் ஒரு பை கொடுத்துவிட்டான். குழந்தைக்கு ஒரு கவுன். அளவு தெரியாமல் பெரிதாக வாங்கியிருந்தான். மினதி அதை வாங்கிக்கொண்டாள். தாலியை மட்டும் கழற்றிக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

ரயில் கிளம்பும் முன் ஜன்னல் வழியாக என் மணிக்கட்டைப் பிடித்து முகத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள். நல்ல நீளமான வாக்கியம்.  நன்றி சொல்கிறாள் என்று நானும் தலையாட்டினேன்.

ரயில் போன பிறகு கபிதாவிடம், "என்ன சொன்னா?" என்றேன்.

"வேண்டாமுங்க்கா."

"பரவால்ல, சொல்லு."

"அது நல்ல வார்த்த இல்லீங்க்கா."

நியாயம்தான். கேண்டீனில் இரண்டு டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 10

தண்டபாணி உள்ளே போய், ஜாமீனில் வெளியே வந்து, நெற்றி நிறையத் திருநீறோடு கடைவீதியில் நடக்கிறார். ஆவணிக்கென்று சொன்ன இருவரில் ஒரு பெண்ணை முன்கூட்டியே கூட்டி வரும்போது போலீஸ் ரயிலிலேயே கண்டுபிடித்துவிட்டது. இன்னொருத்தியைப் பற்றித் தகவல் இல்லை. அத்தை என்று வந்தவளையும் காணவில்லை.

ஊர் எங்களைத்தான் திட்டுகிறது. தரகர் வழியாகப் பெண் எடுத்த வீடுகளிலெல்லாம் போலீஸ் வந்து விசாரித்ததாம். "கெடைச்ச பொண்ணக் கெடுத்துப்போட்டீங்களே" என்று டீக்கடைக்காரர் எனக்கு டீ தர மறுத்துவிட்டார். அவர் டீக்கு அதுவே நல்லது.

அம்மா எங்கள் இருவரிடமும் பேசுவதில்லை. எருமையிடம் பேசுகிறாள். எங்களுக்குக் கேட்கும்படி.

அண்ணன் மோட்டார் ரூமைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இன்று ரசம் வைத்தான். குடிக்க முடியவில்லை. "அந்தப் புள்ளகிட்ட மொத நாளே ஒரு வார்த்த பேசியிருக்கோணும், பாப்பா" என்றான். "நானும்தாண்ணா" என்றேன். இரண்டு பேரும் அந்த ரசத்தையே ஊற்றிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 29

ஆவணி முகூர்த்தம். போலீஸ் ஸ்டேஷன் ஏறிய வீட்டுக்கு மணப்பெண் வருவாளா என்று நினைத்தேன். சுற்று வட்டாரத்தில் வேறு பார்லர் இல்லை என்பது என் பாக்கியம். பெண் மதுமிதா, பக்கத்து ஊர், எம்.எஸ்சி. படித்தவள். எங்கள் ஆட்கள்தான். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. ஜாதகம், பத்திரிகை, மண்டபம் எல்லாம் முறைப்படி. வெளியே காரில் சித்தி, பெரியம்மா, அத்தை என்று ஒரு கூட்டம். எல்லோரும் நிஜமான அத்தைகள்.

இப்போதெல்லாம் தலையில் கை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டாகத்தான் கேட்பேன். இந்த மாதம் வந்த மூன்று பேரும் வெட்கப்பட்டு, "போங்க்கா" என்றார்கள்.

"மாப்ளையப் புடிச்சிருக்குதுல்ல, கண்ணு?" என்றேன்.

மதுமிதா வெட்கப்படவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள். உதடு திறந்து மூடியது. 

நான் சீப்பைக் கீழே வைத்தேன். நாற்காலியைத் திருப்பி, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"சொல்லு. எனக்குத் தமிழ் தெரியும்."

அவள் அம்மா கதவைத் தட்டினாள். "ஆயிருச்சுங்களா? முகூர்த்தத்துக்கு நேரமாவுதுங்க!"

"புருவம் இன்னும் முடியலீங்க!" என்று உள்ளிருந்து கத்தினேன்.

புருவத்தை நான் தொடவே இல்லை.